களிமண் சட்டிக்கு அடியில் ஆறு மாதம்

கோபம் ஆறிய பிறகு எழுது என்று என் மனைவி சொன்னாள். மாதங்கள் ஆகிவிட்டன, ஆறவில்லை. இனி ஆறும் என்றும் தோன்றவில்லை. ஆறாமலே எழுதிவிடுகிறேன்.

நான் ஓய்வுபெற்ற வேதிப் பொறியாளன். எங்கள் பொறியாளர் சங்கத்தின் பினாங்குக் கிளை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு விருந்துக் கூட்டம் நடத்தும். முதலில் யாராவது ஒருவர் தன் தொழிலைப் பற்றிப் பேசுவார், பிறகு சாப்பாடு. வேலையில் இருந்த காலம் முதலே இந்தக் கூட்டங்களுக்குப் போய்வருகிறேன். எந்தத் தேதி, எந்த உணவகம், யார் பேசினார், எதைப் பற்றி என்று எழுதி வைத்தும் வருகிறேன். யாரும் கேட்டுச் செய்யும் வேலையல்ல இது. தேதி இல்லாத நினைவை நான் நம்புவதில்லை, அவ்வளவுதான். பிற்பாடு கிளையின் ஆண்டு மலரில் நடந்தவற்றைத் தொகுத்து எழுதும் பொறுப்பும் என்னிடமே வந்து சேர்ந்தது.

ஆண்டுக்கு ஒரு கூட்டம் மாணவர்களுக்கு. பல்கலைக்கழகத்தில் வேதிப் பொறியியல் இறுதியாண்டு படிப்பவர்கள் வந்து தங்கள் ஆய்வைச் சொல்வார்கள். சென்ற முறை அது ஆகஸ்டு மாதத்தின் ஒரு வெள்ளிக்கிழமை அமைந்தது. இடம், துறைமுகத்தை ஒட்டிய கடலோரச் சாலையில் ஒரு சீன உணவகம். பன்றி இறைச்சி சமைக்காத கடை என்பதால் எல்லா இனத்தவரும் வந்து உட்காரலாம். வட்ட மேசைகள், ஒவ்வொன்றின் நடுவிலும் சுழலும் கண்ணாடித் தட்டு.

வெள்ளிக்கிழமை நான் சைவம். சைவம் சாப்பிடுகிறவர்களை எல்லாம் ஒரே மேசையில் உட்காரவைப்பது இந்த ஊர் விருந்துகளின் நெடுநாள் வழக்கம். அந்த மேசை எப்போதும் சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில்தான் போடப்படும். ஆனாலும் உணவு கடைசியாக வந்துசேர்வது அதற்குத்தான். இதன் காரணத்தை இன்றுவரை எனக்கு யாரும் விளக்கியதில்லை. அந்த மேசையில்தான் அன்று பேச வந்த பெண்ணைச் சந்தித்தேன். ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டுப் பெண். அவளும் வெள்ளிக்கிழமை சைவம். பக்கத்தில் அவளுடைய ஆய்வுத் துணைவன், ஒரு சீன இளைஞன். அவன் சைவமில்லை. அவளுக்குத் துணையாக வந்து எங்களோடு பசியில் உட்கார்ந்திருந்தான்.

என்ன ஆய்வு என்று கேட்டேன்.

"தைப்பூசத் தேங்காய் அங்கிள்," என்றாள்.

பினாங்குக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தைப்பூசத்துக்கு முந்தைய நாள் தேர் வரும் வழியெல்லாம் மக்கள் தேங்காயைக் குவித்து வைத்திருப்பார்கள். தேர் நெருங்கும்போது சாலையில் அடித்து உடைப்பார்கள். டத்தோ கிராமாட் சாலையில் என் வீட்டுக்கு எதிரிலேயே கணுக்கால் அளவு கிடக்கும். தேர் நகர்ந்ததும் நகராண்மைக் கழகத்தின் இயந்திரம் வந்து அத்தனையையும் அள்ளி லோரியில் கொட்டிக்கொண்டு போய்விடும். தேர் நகர்வதற்கும் இயந்திரம் வருவதற்கும் இடையில் கிடைக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் இவர்கள் சாக்கோடு இறங்கி ஓடுகளைப் பொறுக்கியிருக்கிறார்கள்.

"இவனுக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது அங்கிள். அன்னிக்கு மட்டும் 'ஒத்து, ஒத்து, ஓரமா போ'ன்னு என்னைவிட சத்தமா கத்துனான்."

பெயர் சொல்லாமலே தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. "ஒத்து, ஒத்து!" என்று மேசையிலேயே ஒருமுறை கத்திக் காட்டினான். பக்கத்து மேசை திரும்பிப் பார்த்தது.

"ஓட்டையெல்லாம் எங்க காயவெச்சீங்க?"

"எங்க ஃப்ளாட் காரிடார்ல. அம்மா ஒரு வாரம் என்கூட பேசல. கீழ் வீட்டு ஆன்ட்டி, 'வீட்ல எண்ணெய் ஆலை போட்டிருக்கீங்களா'ன்னு கேட்டாங்களாம்."

கீழ் வீட்டு அம்மாள் கேட்டதில்தான் ஆய்வே இருக்கிறது. சாலையில் சிதறிய தேங்காய் சக்கரத்தில் நசுங்கி, வெயிலில் எண்ணெய் கக்கும். அந்த எண்ணெய் ஓட்டுக்குள் இறங்கிவிடும். எண்ணெய் ஏறிய ஓட்டைப் பொடியாக்கிப் பசை கலந்து சூடாக அழுத்திப் பலகை செய்தால், பசை சரியாகப் பிடிக்காது. ஆலையில் வாங்கும் சுத்தமான ஓட்டுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. இவர்கள் மூன்று விதமாகச் செய்து பார்த்தார்கள்: வெறுமனே காயவைத்த ஓடு, வெந்நீரில் கழுவிய ஓடு, சோடாக் கரைசலில் கழுவிய ஓடு. செய்த மறுநாள் மூன்று பலகையும் ஏறக்குறைய ஒரே பலம். கேள்வி அது அல்ல. ஏர்கான் இல்லாத இடத்தில், பினாங்கின் ஈரக் காற்றில், ஆறு மாதம் கழித்து எது நிற்கும் என்பதுதான் கேள்வி. மாதாமாதம் சில துண்டுகளை உடைத்துப் பார்த்துவிட்டுக் கடைசித் துண்டுகளை ஆறாம் மாதத்துக்காக வைத்திருந்தார்கள். வகைக்கு நான்கு. உள்ளங்கை அளவுச் சதுரம், காப்பிக் கொட்டை நிறம். பின்பக்கம் சின்னக் காகித ஒட்டியில் எண். திங்கட்கிழமை அவற்றைப் பட்டைகளாக அறுத்து இயந்திரத்தில் உடைத்துப் பார்ப்பதாக இருந்தது.

"அது நல்லா வந்துச்சுன்னா, மேல படிக்க என்னை எடுத்துக்கறேன்னு எங்க லெக்சரர் சொல்லியிருக்காரு அங்கிள்," என்றாள். "ஆறாம் மாசம்தான் கேஸே. அதுக்கு முன்னாடி உள்ளது யார் வேணா செய்யலாம்னாரு."

அப்படியானால் இன்றைக்கு எதைக் கொண்டுவந்திருக்கிறாய் என்று கேட்டேன். காலடியில் இருந்த பெட்டியைக் காட்டினாள். அதே துண்டுகள்!

உடைந்த பழைய துண்டுகளைக் கொண்டுவருவதாகத்தான் அவள் சொல்லியிருக்கிறாள். கிளைத் தலைவர் ஒப்பவில்லை. அவரும் தமிழர்தான், என்னைவிடப் பல வயது இளையவர், பெரிய தொழிற்சாலை ஒன்றில் உயர்ந்த பதவியில் இருப்பவர். அவர் தொலைபேசியில், "உடஞ்சத காட்டினா என்ன மரியாதை? முழுசா கொண்டா. வர்றவங்க கையில தொட்டுப் பாக்கணும்லா" என்றிருக்கிறார். விரிவுரையாளர் அந்த வாரம் வெளிநாட்டில். கேட்க ஆளில்லை. மறுத்தால் கூட்டத்தில் வாய்ப்பே போய்விடுமோ என்ற பயம் வேறு. அந்த இளைஞனுக்கு இன்னொரு பயமும் இருந்தது. தலைவரின் தொழிற்சாலையில் பயிற்சிப் பொறியாளர் வேலைக்கு விண்ணப்பம் போட்டிருந்தான்.

நிகழ்ச்சி நிரலில் முதலில் பேச்சு, பிறகு சாப்பாடு என்றுதான் அச்சிட்டிருந்தது. ஆனால் முதன்மை விருந்தினர் பினாங்குப் பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டார். அவர் வராமல் பேச்சைத் தொடங்கக் கூடாது என்றார் தலைவர். உணவகத்துக்காரரோ இனிமேல் அடுப்பை நிறுத்தி வைக்க முடியாது என்றார். ஆகவே சாப்பாடு தொடங்கியது. விருந்தினர் வந்து உட்கார்ந்ததும், ஆவி பறக்கும் தட்டுகளுக்கு நடுவே, அந்தப் பெண் மேடை ஏறினாள்.

இந்த விருந்துக் கூட்டம் என்ற ஏற்பாட்டைப் பற்றியே எனக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை உண்டு. ஒருவர் பேசும்போது நூறு பேர் நண்டு ஓட்டை உடைப்பது எந்த நாட்டு மரியாதை என்று தெரியவில்லை. மூத்த உறுப்பினர் பேசினால் கரண்டிச் சத்தமாவது குறையும். மாணவர் பேசினால் அதுவும் குறையாது.

அவள் மேடையில் முதல் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தபோது, தலைவர் எங்கள் மேசைக்கு வந்து காலடியில் இருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். இளைஞன் பாதி எழுந்து, பிறகு உட்கார்ந்துவிட்டான். அவன் நிலைமையில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். தலைவர் மேசைக்கு ஒன்றாகத் துண்டுகளைச் சுழல்தட்டில் வைத்துக்கொண்டே போனார். எங்கள் மேசைக்கும் ஒன்று கிடைத்தது.

ஒரு கூடம் நிறைய பொறியாளர்கள். ஆளுக்குக் குறைந்தது இருபது ஆண்டு அனுபவம். அவர்கள் முன்னால் முன்பின் பார்த்திராத ஒரு பொருளை வைத்தால் என்ன செய்வார்கள்? வக்கீல்கள் என்றால் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் தள்ளியிருப்பார்கள். ஆசிரியர்கள் என்றால் எண்ணைப் படித்திருப்பார்கள். இவர்கள் சோதித்தார்கள்.

ஒருவர் கார்ச் சாவியை எடுத்துக் கீறினார். ஒருவர் சீனத் தேநீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, உறிஞ்சுகிறதா என்று கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். அவர் மேசைக்காரர் பொறுமை இழந்து கோப்பையையே கவிழ்த்தார். இரண்டு மேசை தள்ளி ஒருவர் இருபக்கமும் பிடித்து வளைக்க, அது பட்டென்று முறிந்தது. அந்த மேசை முழுவதும் கைதட்டியது. சிகரெட் பிடிக்கிறவர் ஒருவர் லைட்டரை ஒரு மூலையில் காட்டி, எரிகிறதா, கருகுகிறதா என்று மூக்கை வைத்து முகர்ந்தார். பொருள் அறிவியலில் உள்ள எல்லாச் சோதனையும் நடந்தது. யாரும் எதையும் குறித்துக்கொள்ளவில்லை.

தலைமை மேசையில் முதன்மை விருந்தினர் துண்டைக் கையில் எடுத்து ஏதோ கேட்டார். தலைவர் சிரித்தபடி அதை வாங்கி, சுழல்தட்டின் நடுவில் வைத்து, பரிமாறும் பெண்ணின் கையிலிருந்து களிமண் சட்டியை வாங்கி அதன் மேலேயே இறக்கினார். அடுப்பிலிருந்து நேராக வந்த சட்டி. "எங்க பிள்ளைங்க செஞ்சது, தாங்கும்!" என்று அவர் ஆங்கிலத்தில் சொன்னது எங்கள் மேசை வரை கேட்டது. அதைப் பார்த்த மற்ற மேசைகளிலும் மிஞ்சியிருந்த துண்டுகள் சட்டிக்கு அடியில் போயின.

மேடையில் அந்தப் பெண், காற்றின் ஈரத்தைச் சீராக வைக்கத் துண்டுகளை எப்படிப் பாதுகாத்தார்கள் என்று விளக்கிக்கொண்டிருந்தாள். வாக்கியத்தின் நடுவில் நின்றுவிட்டாள். ஒலிவாங்கி அவள் வாய்க்கு அருகிலேயே இருந்ததால் அவள் மூச்சு விடுவது கூடம் முழுக்கக் கேட்டது. பிறகு ஆங்கிலத்தில், "தயவு செய்து அதை எடுத்துவிடுங்கள்" என்றாள். தலைவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். நன்றாகத் தாங்குகிறது என்று பொருள்.

இளைஞன் அப்போதுதான் எழுந்தான். மேசை மேசையாக ஓடினான். பெரியவர்களின் தோளுக்கு மேலே கையை நீட்டி, ஸாரி ஸாரி என்று சொல்லிக்கொண்டே துண்டுகளைப் பொறுக்கினான். அழித்தவர்களிடம் அவன் ஸாரி சொன்னான்.

அவள் பேச்சை முடித்தாள். எப்படி முடித்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. மீதிப் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் சொல்ல வேண்டியதைச் சொல்லி, நன்றி என்று கும்பிட்டுவிட்டு இறங்கினாள். கேள்வி கேட்க யாரும் எழவில்லை. மீன் வந்துவிட்டது.

தலைவர் அவளைத் தேடி எங்கள் மேசைக்கு வந்தார். "சூப்பர்மா! கூட்டமே கலகலன்னு ஆயிடுச்சு, பாத்தியா?"

"சார், அது திங்கக்கிழமை டெஸ்ட்டுக்கு சார்."

"டெஸ்ட்தானே? அதான் பண்ணியாச்சே! எத்தன இன்ஜினியர் பண்ணிருக்கோம், காசில்லாம. நீ எங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"சார், வேற துண்டு இல்ல சார். மறுபடியும் செய்யணும்னா அடுத்த தைப்பூசம் வரணும். அதுக்கப்புறம் ஆறு மாசம் வெக்கணும். அதுக்குள்ள நாங்க படிச்சு முடிச்சிடுவோம்."

தலைவரின் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் தளர்ந்தது. பக்கத்தில் இருந்த மூத்த உறுப்பினர் ஒருவர், அந்தத் தளர்ச்சியைச் சரிசெய்கிறவர்போல, அன்பாகவே சொன்னார்: "அஞ்சு மாசம் வரைக்கும் கிராஃப் இருக்குல்லம்மா? கோட்ட அப்படியே நீட்டிவிடு. எங்க போகும்னு பாத்தாலே தெரியுது. யாரு வந்து கேக்கப் போறா?"

துண்டுகளை நாசமாக்கியதை ஒரு மடத்தனம் என்று விட்டுவிடலாம். ஆர்வக்கோளாறு என்று சொல்லலாம். ஆனால் இந்த அன்பான ஆலோசனையை நான் மன்னிப்பதாக இல்லை. கொதிகலனுக்குச் சான்று கொடுப்பவர்கள் இவர்கள். வாய்க்காலில் விடும் கழிவுநீரில் என்ன இருக்கிறது என்று கையெழுத்திட்டுத் தருகிறவர்கள். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் ஜெலுத்தோங் பாசாரில் நாம் மீன் வாங்குகிறோம். "கோட்டை நீட்டிவிடு" என்று ஒரு மாணவியிடம் இவ்வளவு சுலபமாகச் சொல்ல வருகிறது என்றால், அந்த வார்த்தை இவர்கள் வாயில் முதல்முறையாக வரவில்லை என்றுதான் நான் நினைக்க முடியும்.

பக்கத்து மேசையை ஒழிக்க வந்த பரிமாறும் பெண், நடுவயதுச் சீனப் பெண், கருகிய துண்டுகளையும் மாணவியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மலாயில் "மன்னிச்சிடு, எனக்குத் தெரியாது" என்றாள். அவள் செய்தது ஒன்றுமில்லை. சட்டியை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்கள். அன்றிரவு அந்த மாணவியிடம் கேட்கப்பட்ட ஒரே மன்னிப்பு அது.

ஒரே ஒரு துண்டு மட்டும் தப்பியது. எங்கள் மேசைத் துண்டு. எங்களுக்கு அதுவரை உணவே வராததால் அதன் மேல் வைக்கச் சட்டி இல்லை. இதைக் கண்டதும் தலைவருக்கு உயிர் வந்தது.

"பாத்தியா, ஒண்ணு நல்லாருக்கு! அத வெச்சு ரிசல்ட் போட்டுரு."

"ஒண்ண வெச்சு எப்படி சார் சொல்றது? நாலு இருந்தாதான் சராசரி. அதுவும் ஒரு வகைக்குத்தான் வருது."

"ஐயோ, ரொம்ப புக் படிக்கிறலா நீ," என்று அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார். எங்கள் மேசைக்குச் சூப் வந்தது. யாரும் கரண்டியைத் தொடவில்லை என்று எழுத ஆசைதான். உண்மையில் எல்லோரும் சாப்பிட்டோம், பசி.

திங்கட்கிழமை அவர்கள் இயந்திரத்தைப் பயன்படுத்தினார்கள். தப்பிய ஒன்றை அறுத்து உடைத்தார்கள். சோடாவில் கழுவிய வகை. எண் நன்றாகவே வந்தது. நன்றாக வந்ததுதான் ஆபத்து. அந்த ஒற்றை எண்ணைப் பிடித்துக்கொண்டு முடிவு சொல்ல யாருக்கும் கை அரிக்கும். அவள் வரைபடத்தில் ஒற்றைப் புள்ளியாக வைத்து, கோட்டோடு சேர்க்காமல் விட்டாள். மற்ற துண்டுகளில் காகித ஒட்டிகள் ஈரத்திலும் சூட்டிலும் உரிந்து போயிருந்தன. எது எந்த வகை என்றே தெரியவில்லை. அட்டவணையில் அந்த இடங்களை வெற்றாக விட்டு, கீழே ஒரு வாக்கியம் எழுதினாள்: ஆறாம் மாத மாதிரிகளில் பதினொன்று ஒரு தொழில்முறை விருந்துக் கூட்டத்தில் பார்வையாளர்களால் சேதமடைந்தன, அவற்றைச் சோதிக்க இயலவில்லை.

சங்கத்தின் பெயரைக்கூட அவள் எழுதவில்லை. ஆனாலும் அறிக்கை வரைவில் இருந்த அந்த வாக்கியம் எப்படியோ தலைவரின் காதுக்கு எட்டிவிட்டது. என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"அண்ணே, அந்தப் பொண்ணுகிட்ட நீங்க கொஞ்சம் பேசுங்க. 'கொண்டு வர்ற வழியில சேதமாயிடுச்சு'ன்னு எழுதினா போதும்ணே. அதுவும் உண்மைதானே, யூனிவர்சிட்டியிலேர்ந்து வெளிய கொண்டு வந்ததாலதானே ஆச்சு?"

"வழியில ஆகல தம்பி. சட்டிக்கு அடியில ஆச்சு."

"அண்ணே, நாளைக்கு வேற யூனிவர்சிட்டி படிச்சிட்டு நம்மள என்ன நினைப்பான்? கிளைக்குப் பேர் இருக்குல்ல?"

"நடந்தத நினைப்பான்."

"நீங்க சொன்னா அவ கேப்பாண்ணே."

"அதனாலதான் சொல்ல மாட்டேன்."

வைத்துவிட்டேன். வைத்த பிறகு ஒரு மணி நேரம் வீட்டுக்குள்ளேயே நடந்தேன். வழியில் சேதம் என்று எழுதினால் பழி யார் மேல் விழும்? பெட்டியைச் சரியாகக் கட்டத் தெரியாத இரண்டு மாணவர்கள் மேல். கிளையின் பெயரைக் காப்பாற்ற அந்த இருவரின் கவனத்தின் மேல் கறை பூச வேண்டும். அதையும் அவர்கள் கையாலேயே பூசிக்கொள்ள வேண்டும்.

இளைஞன்தான் முதலில் தளர்ந்தான். அறிக்கை இருவர் பெயரிலும் போவது. ஒரு வாக்கியம்தானே, மாற்றிவிடலாம், வேலைக்கான நேர்காணல் வர இருக்கிறது என்று கெஞ்சியிருக்கிறான். அவள் அதை என்னிடம் தொலைபேசியில் சொன்னபோது அவன் மேல் அவளுக்குக் கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன்.

"கோபம் இல்ல அங்கிள். சாயாங்கா இருக்கு, பாவம். அவங்க அப்பா சிக்கன் ரைஸ் கடையில நிக்குறாரு, கால் முடியல. அவன் கேக்கறதுல தப்பே இல்ல. ஆனா நான் அப்படி எழுதினா, நாளைக்கு வைவால 'எப்படி பேக் பண்ணீங்க'ன்னு கேப்பாங்க. அதுக்கு ஒரு பொய். அந்தப் பொய்க்கு இன்னொரு பொய். எனக்கு அவ்ளோ ஞாபக சக்தி இல்ல அங்கிள்."

இதையே அவனிடமும் சொன்னாளாம். மறுநாள் காலையில் அவனிடமிருந்து மலாயில் இரண்டே சொல் வந்தது: "தாக் அப்பாலா." பரவாயில்லை விடு என்று பொருள். வாக்கியம் அப்படியே நின்றது.

வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் ஒருவர் அந்த வாக்கியத்தைப் படித்துவிட்டு, "மாதிரிகளைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுபோனது யார்?" என்று கேட்டாராம். நாங்கள்தான் என்றிருக்கிறாள். அதற்கும் சேர்த்து மதிப்பெண் குறைந்தது. தேர்ச்சி பெற்றார்கள், அதில் குறையில்லை. ஆனால் ஆறாம் மாதம் இல்லாத ஆய்வை வைத்துக்கொண்டு மேற்படிப்புக்கு இடம் கேட்க முடியாது என்று விரிவுரையாளர் கையை விரித்துவிட்டார். அவள் கூலிமில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலைக்குப் போனாள். இளைஞனுக்கு அந்த நேர்காணல் அழைப்பு வரவேயில்லை. இந்த வாக்கியத்தால்தான் வரவில்லை என்று எனக்குத் தெரியாது. தெரியாததை எழுத மாட்டேன். வரவில்லை என்பது தெரியும், அதை எழுதுகிறேன்.

ஆண்டு மலருக்கு அந்த இரவைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். யார் பெயரும் போடவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதினேன். செயற்குழு அதை எடுத்துவிட்டு ஒரு வரி போட்டது: "மாணவர்கள் கொண்டுவந்த மாதிரிகளை உறுப்பினர்கள் மிகுந்த ஆர்வத்துடன் பார்வையிட்டனர்." ஆர்வம் என்பது உண்மைதான். மீதியைப் பற்றி நான் குழுவில் பேசியபோது ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இனிமேல் மலருக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

தலைவர் பின்னாலேயே வந்தார். நல்ல மனிதர்தான் என்று இப்போதும் பலர் சொல்கிறார்கள். என் மனைவியும் சொல்கிறாள். டத்தோ கிராமாட் சாலை மூலையில் ஒரு மாமாக் தேநீர்க் கடையில் என்னை உட்காரவைத்து இரண்டு தே தாரிக் சொன்னார். மாலை வெயில் இன்னும் சாலையில் இருந்தது.

"டிசம்பர் டின்னர்ல அந்தப் பொண்ணுக்கு ஒரு சான்றிதழ் குடுக்கலாம்னு இருக்கோம்ணே. ஃபிரேம் போட்டு. அந்தப் பையனுக்கும்தான்."

"அது இருக்கட்டும் தம்பி. அவகிட்ட ஸாரி சொன்னீங்களா?"

"அதெல்லாம் அன்னிக்கே சிரிச்சுப் பேசியாச்சேண்ணே."

"சிரிச்சது நீங்க."

தேநீரைக் கலக்கினார். "சரிண்ணே. ஒரு ஸாரிதானே, சொல்லிட்டா போச்சு. நம்பர் இருக்கா?"

அவர் இந்த வேகத்தில் ஒப்புக்கொள்வார் என்று நான் நினைக்கவில்லை. மனம் மாறுவதற்குள் கூப்பிட்டு, ஒலியைக் கூட்டித் தொலைபேசியை மேசையில் வைத்தேன். எடுத்துவிட்டாள். ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்போல, பின்னால் பேருந்துச் சத்தம்.

தலைவர் சான்றிதழைப் பற்றிச் சொன்னார். ஃபிரேமைப் பற்றிச் சொன்னார். முதன்மை விருந்தினராக யார் வருகிறார், படம் எங்கெல்லாம் வரும் என்று சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அன்னிக்கு ஏதோ கொஞ்சம் கலாட்டா ஆயிடுச்சு. மனசுல வெச்சுக்காதம்மா" என்றார். அதோடு முடித்துவிட்டு, பார்த்தீர்களா என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"பரவால்ல சார்," என்றாள் அவள். "ஒண்ணு கேக்கலாமா?"

"கேளும்மா, கேளு."

"உங்க மேசையில சட்டி வெச்சீங்களே சார், அந்தத் துண்டு மேல கருத்திருக்கு, ஆனா வீங்கவே இல்ல. மத்த சட்டி வெச்ச துண்டெல்லாம் வீங்கிடுச்சு. ஸ்டிக்கர் போயிட்டதால எந்த வகைன்னு தெரியல. சட்டி எவ்ளோ நேரம் மேல இருந்துச்சு சார்? சுழல்தட்ட சுத்தும்போது கூடவே சுத்துச்சா, இல்ல நடுவுல எடுத்து வெச்சீங்களா? அது தெரிஞ்சா, வகைக்கு ஒரு துண்டுக்கு மட்டும் வர்ற அளவு ஓட்டுப் பொடி மிச்சம் இருக்கு, அதே மாதிரி செஞ்சு பாத்து எந்த வகைன்னு கண்டுபிடிச்சிடலாம்."

தலைவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அது... ஞாபகம் இல்லம்மா. ரொம்ப நாளாச்சு."

"சட்டியில என்ன சார் இருந்துச்சு? சூப்பா, டோஃபுவா? சூப்புன்னா சூடு ரொம்ப நேரம் நிக்கும்."

"டோஃபுன்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறீங்களா சார், தெரியுமா?"

கிண்டலாகக் கேட்கவில்லை. கையில் பேனாவோடு காத்திருக்கிறவள் கேட்பதுபோல்தான் கேட்டாள். பேருந்து கிளம்பும் சத்தம் கேட்டது. அவள் இணைப்பில் இருந்தாள். தலைவர் என்னைப் பார்த்தார். நான் என் தேநீரைக் குடித்தேன்.